மாமனாரின் சிரப்

செவ்வாய், இரவு

எங்கள் பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த கனடா பையர் கொடுத்த மேப்பிள் சிரப்பை, வெல்லத்துக்குப் பதிலாகப் பணியாரத்தில் ஊற்றலாம் என்று தேடினேன். சமையலறையில் காணோம். மாமனாரின் மருந்து அலமாரியில் இருந்தது, பாதி காலி.

“சிரப்புன்னு போட்டிருக்குதே அம்மிணி! இருமலுக்குன்னு ரெண்டு வேளையும் குடிச்சேன். நல்லாக் கேக்குது.”

“மாமா, அது அந்த ஊரு மரத்துப் பாகுங்க!”

நல்லவேளை, அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. சிரித்துக்கொண்டே கொஞ்சத்தை மாவில் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டுச் சுட்டேன். சிரப் வெல்லப்பாகைவிட நீர்த்திருந்தது, மாவைக் கெட்டியாகக் கரைத்திருக்க வேண்டும். ஆனாலும் வாசம் வாசல்வரை போனது. மிச்சத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவிட்டேன்.

இப்போது மாமா அறையில் இருமல் கேட்கிறது. நிஜ இருமல் இல்லை. சிரப் கேட்கிற இருமல்.