படியெடுத்தவள்

என் பக்கத்து மேசைக்காரிக்கு,

“உன் ஆய்வு நோட்டைக் குடுடி, படிச்சிட்டுக் காலையில தர்றேன்” என்று வாங்கிப்போனாய். நேற்று உன் கட்டுரை வெளிவந்தது. நாம் சோதித்த பதினேழாம் மருந்து, புற்றுநோய் செல் தன் மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுப்பதை நிறுத்தி அதைக் கொல்கிறது, நல்ல செல்லைத் தொடுவதில்லை என்று என் வாக்கியங்களிலேயே எழுதியிருக்கிறாய். என் பெயர்தான் இல்லை.

செல் படியெடுப்பதை நிறுத்தத்தான் இருவரும் ஆறு வருடம் மாரடித்தோம். உன்னை நிறுத்த மருந்தில்லை.

அந்த மருந்தைச் சோதித்த அன்று, ஒரு பக்கம் புற்றுநோய் செல்லும் மறுபக்கம் நல்ல செல்லும் இருந்த தட்டை நான் கருவியில் இடவலம் மாற்றி வைத்துவிட்டேன். உண்மையில் செத்தவை நல்ல செல்கள். நோட்டு திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. சொல்ல வந்தேன், “அப்புறம் பேசலாம்டி” என்று நழுவினாய்.

மருந்து யார் உடம்பிலும் ஏறுவதற்குள் இன்று ஆய்வக இயக்குநரிடம் சொல்லிவிடுவேன். தவறு என்னுடையது என்பேன். அது உன் கட்டுரைக்குள் எப்படி வந்தது என்பதை நீயே சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
நோட்டுக்குச் சொந்தக்காரி