நீலக் கல்லுக்குத் தங்கமா, வெள்ளியா

1953 ஜூலை 4, சனி

விடிந்ததிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் கொடியில்.

ஹமீது காக்கா வந்தார். கொழும்பில் என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே ஜவுளிக் கடையில் வேலை. முந்தாநாள் ஊர் வந்தாராம். சிகரெட் வெள்ளித்தாளில் சுற்றி ஒரு கல் கொடுத்தார். நீலம். துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது.

"மோதிரம் கெட்டி வைக்கச் சொன்னாரு."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாயா குடித்தார், போனார்.

எங்களில் ஆண்கள் தங்கம் போடக் கூடாது, வெள்ளிதான். ஆக, வெள்ளியில் கட்டினால் அவருக்கு. அவருக்கென்றால் போட்டுக்கொள்ள வருகிறார் என்று அர்த்தம், ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது. தங்கத்தில் கட்டினால் எனக்கு. வராமல் இருப்பதற்கு ஒரு சமாதானம். அவர் கடைசியாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. என்னோடு இருந்த உம்மாவின் மௌத்துக்கும், அடக்கத்துக்கும் வரவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

மீன்காரி சண்டை. "நாலு சாளைக்கா மக்கா கூடைய எறக்குனேன்?" எட்டு வாங்கினேன். பாதி பூனைக்கு. ஒருத்திக்குச் சமைப்பது இன்னும் கைக்கு அடங்கவில்லை.

மைனியிடம் கல்லைக் காட்டினேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. எதற்கும் யோசிக்க மாட்டாள்.

"ஏட்டி, இதுல என்ன யோசன? தங்கத்துல கெட்டி நீ போடு. வெள்ளியில கெட்டிப் பெட்டியில வைக்கவா? சந்தேகம்னா அவனுக்கு எழுதிக் கேளு."

எழுதிக் கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயம்.

ஜூலை 7, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு. பட்டனுக்குக் காஜா எடுக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் சட்டையையே பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டன. சாயங்காலம் நகை ஆசாரி கடை.

கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "எளநீலம் டீச்சரே. தங்கத்துல அடைச்சுக் கெட்டி, அடியில நீலத் தகடு ஒண்ணு வச்சா நெறம் எடுக்கும். வெள்ளியில வச்சா சோவை பிடிச்சு வெளுத்த பிள்ள மாதிரி இருக்கும்."

"அடிப்பக்கம் தொறந்து கெட்டினா?"

"வெளிச்சம் அந்தப் பக்கம் போயிரும், இருக்குற நெறமும் போயிரும். பின்னே, வெள்ளி கறுக்கும்லா." கல்லைத் திருப்பிக் கொடுத்தபடி, "நீலம் எல்லாருக்கும் ஆவாது. மூணு நாளு தலகாணிக்கு அடியில வச்சுப் பாருங்க. கெட்ட சொப்பனம் வந்தா வேண்டாம்."

நமக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து வைத்தேன். வீட்டுக்காரரின் தலையணைக்கு அடியில்.

ஜூலை 8, புதன்

தங்கம்: நிறம் எடுக்கும். கறுக்காது. மைனி கட்சி. ஆசாரி கட்சி.

வெள்ளி: ஒன்றும் தோன்றவில்லை.

அப்படியும் மனது வெள்ளியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கழுதை.

கிணற்றடியில் இரண்டு பேர். நான் வந்ததைப் பார்க்கவில்லை. "கொழும்புல வேற வீடு வச்சாச்சு போல." "பாவம் டீச்சர்." வீடு வைத்தது கூடப் பரவாயில்லை. அந்தப் பாவத்தில்தான் எரிந்தது. வாளியைத் தடாலென்று கிணற்றுக்குள் விட்டேன்.

சொப்பனம் ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தால்தானே.

ஜூலை 10, வெள்ளி

முடிவு செய்தாயிற்று. வெள்ளி. ஆசாரியிடம் சொன்னேன்.

"வெரல் அளவு?"

குளித்துவிட்டுத் தலை துவட்டும் விதம் ஞாபகம் இருக்கிறது. கோபம் வந்தால் காது சிவப்பது ஞாபகம் இருக்கிறது. விரல் எவ்வளவு தடிமன் என்று தெரியவில்லை. பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

மைனிக்கும் தெரியவில்லை. நேரே ஹமீது காக்கா வீடு. "அவிய வெரலு என்ன தண்டி இருக்கும் காக்கா? ஒங்க வெரல் அளவு எடுத்தாப் போதுமா?"

காக்காவுக்கு ஆச்சரியம். "அவருக்கா? அவரு போட்டிருக்காருல்லா. ஒண்ணு போல ரெண்டு கல்லு வாங்கினாரு. ஒண்ண அங்கயே வெள்ளியில கெட்டிப் போட்டாச்சு. இது ஒனக்குள்ளது மக்கா."

"பெருநாளுக்கு வாராவளா?"

"கடையில ஆளு கொறவு. அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

காக்காவின் பெண்டாட்டி சாப்பிட்டுப் போகச் சொன்னாள். உலை வைத்துவிட்டு வந்தேன் என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன். யாரும் பார்க்காமல் அழுவதில் ஒரு சுகமும் இல்லை.

ஜூலை 11, சனி

மழை இல்லை. துணி எல்லாம் காய்ந்தது.

ஆசாரி கடை. வெள்ளியில்தான், அடியைத் திறந்தே கட்டுங்கள், தகடு வேண்டாம் என்றேன்.

"அளவு கொண்டாந்தியளா?"

"எனக்குத்தான்."

"பெண்டுவளுக்குத் தங்கம்லா டீச்சரே. எதுக்கு வெள்ளியில?"

வீட்டுக்காரர் கையில் இருப்பது போலவே என் கையிலும் ஒன்று இருக்கட்டும் என்றுதான். அதை ஆசாரியிடம் சொல்ல முடியுமா? "கெட்டுங்க ஆசாரி" என்றேன்.

அளவு வளையக் கொத்தை எடுத்துக்கொண்டு, எந்த விரல் என்று கேட்டார்.

கொழும்பில் அவர் எந்த விரலில் போட்டிருக்கிறார் என்று காக்காவிடம் கேட்காமல் வந்திருக்கிறேன். கையை நீட்டியபடி நின்றேன்.