இன்னும் ஒரு போட்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு வருடமாக ஒரு வரிகூட எழுதாத நீங்கள் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களோடு எட்டு வருடம் ஜோடியாக மல்யுத்தம் பழகியவரின் மனைவி எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள், என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். முகவரி உங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்த மாஸ்டரின் மனைவி, அந்த அக்கா தந்தது.

உங்கள் நண்பருக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. இன்னொரு தடவை திருகினால் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இவரோ அடுத்த மாதப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். இவருக்கு முப்பத்தாறு. எதிரில் நிற்கப்போகிறவனுக்கு இருபது.

போட்டி முடியும்வரை மனைவி பக்கம் போகக்கூடாது, உடம்பில் பலம் போய்விடும், இது மாஸ்டர் போட்ட சட்டம் என்று கல்யாணமான அன்றே சொன்னார். ஆண்கள் விளையாட்டு, நமக்கென்ன தெரியும் என்று நானும் ஹாலில் அவருக்குத் தனியாகப் படுக்கை விரித்தேன். ஒரு போட்டி முடியும். கழுத்துப் பதக்கத்தைக் கழற்றும் முன்பே அடுத்ததற்கு விண்ணப்பம் நிரப்புவார். ஏதோ பிஸ்கட் கம்பெனி நடத்திய போட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. போன மாதம் மாஸ்டர் வீட்டு அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன். "அது போட்டிக்கு முன்னாடி ரெண்டு வாரம்தான்டி! இல்லன்னா எனக்கு மூணு பிள்ளைங்க எங்கேருந்து வந்துச்சாம்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாமியார் குழந்தைக்காக என்னை இரண்டு தடவை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். உனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, கணவரைக் கூட்டி வா என்றார் அவர். எதற்கென்று கூட்டிப் போவது?

அவரைச் சத்தம் போடலாம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, நீங்கள் இருவரும் பயிற்சி செய்த பழைய வீடியோவை போனில் பார்ப்பார். கேட்டால், "எங்க தப்பு பண்ணேன்னு பாக்குறேன்" என்பார். அவர் இல்லாதபோது நானும் பார்த்தேன். விசில் அடித்துவிட்டது. மாஸ்டர் கத்துகிறார். இருவரும் பிடியை விடாமல் அப்படியே கிடக்கிறீர்கள். பிறகு எழுந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கிறீர்கள். எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை, அண்ணா.

நேற்று என்னிடம், "போட்டியெல்லாம் முடிஞ்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று கேட்டார். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. என் கேள்வியும் அதுதானே.

பதில் எழுதாதீர்கள், கடிதங்களை மாமியார்தான் முதலில் பிரிப்பார். பத்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் வாருங்கள். போட்டிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார். மற்றதெல்லாம் உங்கள் பேச்சு, நான் எதுவும் கேட்க மாட்டேன்.

இருவரும் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று அவர் வாயால் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவர் மனைவி