மாடு முட்டிய முட்டி

அண்ணா,

இன்று காலை கரியாலூரிலிருந்து ஒரு பெண் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தாள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டேன். வாசலில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாடு முட்டிச்சிங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் பொய்யைச் சுமந்துகொண்டு ஒருத்தி என் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நம் வீட்டில் மாடே கிடையாது. ஒரு ஆடு இருந்தது, அதுவும் முட்டத் தெரியாத ஆடு. ஆனால் நீ அடிபட்ட அந்த வாரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரையும் மாடுதான் முட்டியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். தியாகதுருகம் பக்கம் போலீஸ் வந்து இறங்கியதும் நீ திரும்பி ஓடப் பார்த்தாய். ஊன்றிய கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்ப, அந்த நேரம் பார்த்து லத்தி பக்கவாட்டில் விழுந்தது. முட்டிக்குள் 'டக்'கென்று சத்தம் கேட்டதாக என்னிடம் மட்டும் சொன்னாய்.

பஸ் ஓடவில்லை. அப்பா உன்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக அவர் உனக்குப் பாடம் நடத்தினார். "யாரு கேட்டாலும் மாடு முட்டிச்சின்னு சொல்லு. போலீஸ் அடிச்சதுன்னு வாய தொறந்த, கேஸ் போட்டுருவானுங்க. அப்பறம் எங்கடா நீ போலீசு ஆவறது?"

ஆமாம், நீ போலீஸ் ஆக வேண்டும். அதற்காகத்தான் விடிவதற்குள் எழுந்து ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாய். அடித்தவன் போட்டிருந்த உடுப்பின் மேல்தான் உனக்கு அத்தனை ஆசை. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழ?

டாக்டர் சலித்துப்போயிருந்தார். "என்னய்யா, உனக்கும் மாடா? இந்த ஊர் மாட்டுக்கெல்லாம் யாரு லத்தி குடுத்தது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்தார். நீயும் சிரித்தாய். உன் அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு உன் முட்டியை மடக்கிவைத்து, பாதத்தை அமுக்கிக்கொண்டு, முட்டிக்குக் கீழே பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்லீங்க சார்." உன் கண் டாக்டரிடம் இல்லை, வாசலில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடையை இறுக்கி வைத்திருந்தாய். "ஜவ்வெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெறும் வீக்கம்" என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பின்தொடைச் சதை இறுகியிருந்தால் கீழெலும்பு அசையவே அசையாது, அண்ணா. உள்ளே ஜவ்வு அறுந்து கிடந்தாலும் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இது பிசியோதெரபி படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று உன் பயம் கெட்ட காலை நல்ல காலாக்கிக் காட்டியது. அந்த 'டக்' சத்தத்தைச் சொல்லியிருந்தாலாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். மாடு முட்டினால் உள்ளே எங்கே சத்தம் வரும் என்று விழுங்கிவிட்டாய்.

ஒதுக்கீடு வந்தது. மேடையில் பேசியவர்கள் மாலை வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் படிக்க இடம் கிடைத்தது. உன்னை ஓரமாக ஒதுக்கினார்கள். போலீஸ் தேர்வில் நீளம் தாண்டி இறங்கினாய், முட்டி கழன்று மணலில் விழுந்தாய், அங்கிருந்தவர் "அடுத்த ஆள்" என்றார். அவ்வளவுதான் உன் உத்தியோகம்.

லீவில் வீட்டுக்கு வந்தபோது உன் காலை நான் இழுத்துப் பார்த்தேன். மேசையின் இழுப்பறை மாதிரி எலும்பு என் கையோடு வந்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டாய்.

"இன்னா பாப்பா, ஆடுதா?"

"ஆடுதுண்ணா."

"வுடு. மாடு முட்டுன காலு அப்டித்தான் இருக்கும்."

என்னிடமே! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆபரேஷன் என்றால் பேச்சை மாற்றுவாய். உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனாய். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதே வலி மாத்திரை. ஜாஸ்தி போடாதே என்று நான் கத்தினால், "கம்மியாத்தான் போட்டுக்கினு இருக்கறேன்" என்பாய். கடைசியில் கிட்னி கம்மியாகிவிட்டது. இறப்புச் சான்றிதழில் கிட்னி என்றுதான் எழுதினார்கள். நான் முட்டி என்றுதான் சொல்வேன்.

இன்று அந்தப் புருஷனை டீ சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். யார் வந்தாலும் நான் முதலில் வாசலைப் பார்க்கிறேன், பிறகுதான் காலை. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். அவளுடைய நல்ல காலை முதலில் பார்த்தேன். பிறகு அடிபட்ட தொடைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, சாமைக் கொல்லையில் களை எடுத்தாயிற்றா என்று பேச்சுக் கொடுத்தேன். கல்லாக இருந்த தொடை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இழுத்தேன். எலும்பு வந்துவிட்டது.

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல மாடே இல்லீங்க" என்றாள்.

இதைச் சொல்ல உனக்கு அன்று ஒரு கதவு சாத்தியிருந்தால் போதும், அண்ணா.