வெறும் டீயோடு முடிந்த விருந்து

பிஷ்கேக்,
டிசம்பர் நடுவில்.

அன்புத் தங்கை சல்தனத்துக்கு அக்கா அனாரா எழுதுவது. நானும் உன் மகள் பெரிசாத்தும் நலம். இந்தக் குளிர்காலத்தில் இதைத் தயங்காமல் எழுத முடிகிறது.

உன் நாத்தனார் வழியாக ஒரு செய்தி இதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். கூரை வேலைக்கு வந்த பதினைந்து பேரை உன் அக்கா வெறும் டீயும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்று. உண்மைதான். எப்படி நடந்தது என்று என்னிடமே கேட்டுக்கொள். தொலைபேசியில் சொன்னால் பாதியில் நீ அழத் தொடங்குவாய், எனக்கு என்ன பேசுவதென்று தெரியாது. நம் தெருச் சாபரின் மைத்துனர் நீ வேலை பார்க்கும் ஊர்ப் பக்கம் லாரி ஓட்டி வருகிறார் என்றதும் பேனாவை எடுத்தேன்.

போன மார்ச்சில், மூச்சுத் திணறலுக்காகச் சேர்த்திருந்த பெரிசாத்தை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று, நீயே வந்து அவளைக் கூட்டிப்போ, இந்தப் புகையில் இன்னொரு குளிர்காலம் என்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்னேன். நீ இரவு வேலைக்குப் போனால் பூட்டிய அறையில் அவள் தனியாகக் கிடப்பாள் என்று நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே மூச்சாவது விடுவாளே என்றிருந்தது. புத்தாண்டுக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்றாய்.

கோடை முடிவில் நம் தெருவில் ஒரு திட்டம் தொடங்கியது. வெல்டிங் வேலை செய்யும் சாபர்தான் முன்னால் நின்றார். நம் வீடுகள் அவசரத்தில் எழுப்பியவை. தலைக்கு மேலே பலகையும் தகரமும்தான். அடுப்புச் சூடெல்லாம் அதன் வழியே போய்விடுகிறது. இரவெல்லாம் கரியை அள்ளிப் போட்டு, அந்தப் புகையையே சுவாசிக்கிறோம். வைக்கோல் பிசைந்த களிமண்ணைத் தகரத்துக்குக் கீழே, பலகைக்கு மேல் கனமாகப் பரப்பினால் பாதிக் கரி போதும். வாரம் ஒரு வீடு, தெருவே கூடி, கூலி வாங்காமல், நம் வழக்கமான அஷாராகச் செய்வது என்று முடிவானது. கல்லூரியில் வெப்பம் பற்றிப் பாடம் நடத்துகிறவள் என்பதால் என்னையும் கேட்டார்கள். யோசனை சரி, ஆனால் மூன்று வீட்டோடு நின்றுவிடும் என்றேன். "டீச்சரம்மா கல்யாணத்துக்கு வந்தாலும் மழை வரும்னுதான் வாழ்த்துவாங்க" என்றார் சாபர். கூட்டம் சிரித்தது.

சோம்பலால் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நின்றது விருந்தால். முதல் வீட்டில் புலாவ் போட்டார்கள். இரண்டாவது வீட்டில் அதோடு கறி வைத்து ஆவியில் வேகவைத்த மந்திக் கொழுக்கட்டை. மூன்றாவது வீட்டில் ஆடு அறுத்து, அவரவர் வயதுக்குரிய எலும்பை முறைப்படி பங்கு வைத்தார்கள். நான்காவது வீட்டில் ஆட்டோடு குதிரைக்கறியும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் நாள் குறிக்கவில்லை. "எங்க கூரை நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஒருத்தி. "அவரு ஊர்ல இல்லையே" என்றாள் இன்னொருத்தி. அவர் கடைவாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுத் தொக்தோகானால் மறுக்க முடியவில்லை. தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவளுக்குத்தான் அடுத்தது என்று சாபரே நாள் குறித்துவிட்டார். முந்தின நாளே அவள் வாசலில் மண்ணும் வைக்கோலும் குழைத்து ஊறப் போட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. பிள்ளைகளோடு அம்மா ஊருக்குப் போய்விட்டாள். அத்தனை பேருக்கு முன்னால் வெறும் தட்டை வைப்பதைவிடக் குளிரில் கிடப்பதே மேல் என்று நினைத்திருக்கிறாள்.

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு கலையத் தொடங்கினார்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. மழை வந்தால் குழைத்த மண் கரைந்துவிடும். போகிறவர்கள் இனி ஒன்றுசேர மாட்டார்கள் என்றும் தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் நான் சொன்னதுதான் நடந்தது என்று உள்ளே போயிருப்பேன். பெரிசாத் ஜன்னலருகே நின்று இருமிக்கொண்டிருந்தாள். என் வாசற்கதவைத் திறந்து, எல்லாவற்றையும் இங்கே கொண்டு வாருங்கள் என்றேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. கை கழுவிக்கொண்டு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சமையலறையையே பார்த்தார்கள். வீட்டில் இருந்தது ரொட்டியும் திராட்சை ஜாமும்தான். டீயோடு கொண்டுவந்து வைத்தேன். ரொட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி சமையலறையைப் பார்த்தார்கள். பிறகு கிழவர் மாம்பெத், "இடுப்பெலும்பு எனக்குத்தான்னு நம்பி வந்தேம்மா. போகட்டும், இருக்கிற ரெண்டு பல்லுக்கு உன் டீயே சரி" என்றார். எனக்கு முகம் எரிந்தது. இரண்டாம் தடவை டீ ஊற்றினேன். வேறென்ன செய்ய?

மறுநாள் தெருக்குழாயில் சோனுன் என்னைப் பிடித்துக்கொண்டாள். கூரை நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் அவள்தான். "என்னக்கா போட்டீங்க?" என்றாள். டீ, ரொட்டி, ஜாம் என்றேன். "அவ்வளவுதானா?" அவ்வளவுதான். வாளி நிரம்பி வழியும்வரை யோசித்துவிட்டு, "ஜாம் கட்டாயமா?" என்று கேட்டாள். கட்டாயமில்லை என்றேன். அடுத்த ஞாயிறே அவள் வீட்டில் வேலை நடந்தது. அதற்குப் பிறகு யாரும் ஆடு அறுக்கவில்லை. "டீச்சரம்மா அளவுக்குப் போட்டாப் போதும்" என்பது இப்போது தெருவில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பாராட்டு இல்லை என்று எனக்கும் தெரியும். தொக்தோகான் திரும்பி வந்து, "எனக்குக் குழைச்ச மண்ணை நீங்க பூசிக்கிட்டீங்களாமே!" என்று வாசலில் நின்று சண்டைக்கு வந்தாள். அவள் வீட்டுக்கு நானும் மண் சுமந்தேன். அவள் பரிமாறியது டீயும் ரொட்டியும், தலை நிமிர்ந்து.

மாலையில் ஒரு தடவை அடுப்பு மூட்டினால் இப்போது விடியும்வரை தாங்குகிறது. பெரிசாத் இருமாமல் தூங்குகிறாள். முதலில் அந்த அமைதி பழகாமல் எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். டாக்டரும் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கலாம் என்றார். ஜனவரி இன்னும் வரவில்லை, ஊர்ப் புகையும் எங்கும் போய்விடவில்லை. ஆனால் மார்ச்சில் சொன்ன வார்த்தையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புத்தாண்டுக்குக் கட்டாயம் வா. உனக்காக ஆடு அறுக்கலாம், தெரு மன்னித்துவிடும். திரும்பிப் போக உனக்கு மட்டும் டிக்கெட் எடு. முடிந்தால் அதையும் எடுக்காதே.

வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக அமையட்டும்.

உன் அக்கா,
அனாரா