ஏழாவது ஜோடி

9, திங்கள்

காலையிலேயே வெயில். கம்பெனி பஸ் லேட். ஆம்பூர் வருவதற்குள் தலைவலி.

தையல் லைனில் அறிவிப்பு. செக்கர் வேலைக்கு இந்த முறை மெஷின் பெண்களும் வரலாமாம். சனிக்கிழமை தேர்வு. பத்து ஜோடி ஷூ. குறையைக் கண்டுபிடித்து இங்கிலீஷில் சீட்டு எழுத வேண்டும். பதினோரு வருடம் குனிந்தே தைத்தாயிற்று. பெயர் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து மெஷின் நஸ்ரீன்: "உனக்கு இன்னாத்துக்கு செல்வி இந்தப் பேஜாரு?"

பத்தாவதில் இங்கிலீஷ் 36. அவளுக்கும் தெரியும்.

10, செவ்வாய்

செக்கர் மேசைக்கடியில் கிடந்த பழைய சீட்டுகளைப் பொறுக்கி வந்தேன். உருளைக்கிழங்கு வேகும்வரை படிப்பு. பெரிய வார்த்தையை உடைத்தால் உள்ளே சின்னது. தலையில் ஒட்டு, வாலில் ஒட்டு.

அன் – இல்லை. ஈவன், ஒரே அளவு. அன்ஈவன், ஒரே அளவில் இல்லை.
ரீ – மறுபடி. ரீவொர்க்.
மிஸ் – தப்பு. மிஸ்மேட்ச், ஜோடி சேரவில்லை.
வாலில் ஏபிள் – முடியும். வாஷபிள்.
வாலில் லெஸ் – யூஸ்லெஸ். சூப்பர்வைசர் தினமும் சொல்வது, தனியாகப் படிக்க வேண்டாம்.

ஒன்று படித்தால் நாலு கிடைக்கிறது. ரீஜெக்ட்டில் மட்டும் ரீயை எடுத்தால் மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை. எரிச்சல். அதை அப்படியே மனப்பாடம்.

12, வியாழன்

ரேஷன் வாங்கவில்லை. நஸ்ரீனுக்கு ஆறு ஜோடி ரீவொர்க் திரும்பி வந்தது. வழக்கம்போல் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் பிரித்துத் தைத்தோம். எனக்கு இரண்டு. ஷூவில் அவள் நம்பர் 24தான் இருக்கும், என் 23 இருக்காது. மேலே யாருக்கும் தெரியாது. கை தைக்க, வாய் அன், ரீ, மிஸ் என்று ஓடியது.

"தைக்கிறதப் பாத்துத் தையி" என்றாள்.

14, சனி

ஆறு பேர் வந்திருந்தோம். நாலு பேர் டிகிரி.

ஆறு சீட்டு தடையில்லாமல் போனது. ஏழாவது ஜோடி, நம்பர் 24. தையல் ஒரே அளவில் இல்லை. வளைவில் ஒரு தையல் கூடுதல். அப்படிப் போட்டுத் திரும்புகிறவள் லைனில் நான் ஒருத்திதான்; வியாழக்கிழமை தைத்தது. கண்டுகொள்ளாமல் விட்டால் தேர்வு போச்சு. சீட்டில் தைத்தவர் நம்பரும் வேண்டும்; 24 என்று எழுதினால் நஸ்ரீன் தலையில். இந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை.

எழுதினேன். அன்ஈவன் ஸ்டிட்ச். ரீவொர்க். ஆபரேட்டர் 23.

மேனேஜர் பார்த்தார். "ஷூவுல 24 இருக்குதேம்மா?"

"தச்சது நான் சார்."

"அப்போ லைன்ல மாத்தி மாத்தித் தைக்கிறீங்களா? யாரு தப்புன்னு எப்படித் தெரியும்?"

"தையலப் பாத்தா தெரியும் சார்."

மேனேஜர் என் சீட்டையும் தையலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுத்தவருக்கு வைத்திருந்த பத்து ஜோடியையும் என் பக்கம் தள்ளினார். "இதுல யாரு யாரு தச்சதுன்னு சொல்லுங்க."

"குறைய எழுதித் தரேன் சார். ஆளுன்னு கேட்டா என் நம்பர் மட்டும்தான் சொல்லுவேன்."

அவர் முகம் கறுத்தது. என் பத்தில் மீதி மூன்று சீட்டையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.