தங்க அட்டைத் தம்பிக்கு

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ நல்லாத்தான் இருக்கிறாய். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய், முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய், புதுசாக ஒரு சக்கரப் பெட்டி வாங்கியிருக்கிறாய். எல்லாம் போன சனிக்கிழமை உன்னை நேரில் பார்த்தவர் சொன்னது. எங்கே பார்த்தார் என்று உனக்கே தெரியும். நம்ம ஊர் ஏர்போர்ட்டில். அப்பா இருக்கிற இந்த வீட்டிலிருந்து பஸ்ஸில் போனாலே அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன்னை முழுசாகத் திட்ட முடிவதில்லை. பாதியிலேயே மீட்டிங்கில் இருக்கேன்க்கா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதோடு அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்குப் பாம்புக் காது. அதனால் எழுதி, என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ இறங்கினதும் உன் கையில் கொடுப்பார். அவரிடம் மூஞ்சியைக் காட்டாதே. அவருக்கு வேண்டிய அளவு நான் திட்டியாகிவிட்டது.

உன் மாமா பாவம்டா. ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி தள்ளுகிற மனுஷன். விமான வாசலில் போய் நின்று, நடக்க முடியாதவர்களை உட்கார வைத்து வெளியே கொண்டுவந்து விடுவார். முதல் தடவை நீ இறங்கியதை அங்கே நின்றுதான் பார்த்திருக்கிறார். நாற்காலியில் ஒரு அம்மாள் இருந்ததால் உன் பின்னால் ஓடி வர முடியவில்லை. சரி, சின்னவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நம்மை அசத்தப் போகிறான் என்று நினைத்து, வேலை முடிந்ததும் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். வாசலில் புதுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தார். உள் அறையை எட்டிப் பார்த்தார். என்னத்தைத் தேடுறீங்க என்றேன். ஒன்றுமில்லை என்றார். நான் வேறு, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று கேலி செய்தேன்.

அடுத்த தடவை உன்னைப் பிடித்துவிட்டார். ஏர்போர்ட்டுக்குள்ளே அட்டைக்காரர்கள் மட்டும் உட்காருகிற சொகுசு அறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா என்று கெஞ்சினாயாம். இந்த வருஷத்துக்குள் பறக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, அது நிறைந்தால் விமானக் கம்பெனியின் தங்க அட்டை நிலைக்கும், நிறையாவிட்டால் வெள்ளிக்கு இறக்கிவிடுவார்கள் என்றாயாம். ஆபீஸ் வேலையாகப் போவது குறைந்துவிட்டதாம், அதனால் உன் கைக்காசில் பறந்து கணக்கை நிரப்புகிறாயாம். நம்ம ஊர் விமானம்தான் மலிவாம். காலையில் வந்து இறங்கி, உள்ளேயே உட்கார்ந்திருந்து, அதே விமானத்தில் ஏறித் திரும்பிவிடலாமாம். போகும்போது உள்ளேயிருந்து ஒரு சாக்லேட் டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் திணித்திருக்கிறாய். யாரோ ஒரு பயணி கொடுத்தார் என்று அதை என்னிடம் தந்தார். நல்லா இருக்கே என்று நானும் அப்பாவும் உட்கார்ந்து தின்றோம்.

எங்கேயாவது போக வேண்டும் என்று விமானம் ஏறுகிறவர்களை எனக்குத் தெரியும். ஏற வேண்டும் என்பதற்காகவே ஏறுகிறவனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், அதுவும் என் கூடப்பிறந்தவனாக. சின்ன வயசில் ராட்டினத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாய். அது எவ்வளவோ தேவலை. இறக்கிவிட்டால் நேராக அப்பாவிடம்தான் ஓடி வருவாய்.

அப்படி அந்த அட்டையில் என்னதான் இருக்கிறது என்று உன் மாமாவைக் குடைந்தேன். வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் ஏறலாம், பெட்டி முதலில் வரும், சோபாவில் உட்கார்ந்து வேண்டியதைச் சாப்பிடலாம், பேரைச் சொல்லி வரவேற்பார்கள் என்றார். பெட்டி முதலில் வந்து என்னடா ஆகப் போகிறது, நீதான் வெளியிலேயே வருவதில்லையே! பேரைச் சொல்ல அங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே ஒருத்தர் சும்மாவே காலையில் எழுந்ததும் உன் பேரைச் சொல்லி, போன் பண்ணினானா என்று கேட்கிறார். அதற்கு உனக்குக் காது இல்லை.

நீ முன்னால் ஏறணும் என்று ஏன் துடிக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் மேலதிகாரியோடு போனபோது அவரை முதலில் விட்டு, உன்னைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள் என்று ஒரு தடவை சொன்னாய். எனக்கும் வலித்தது. அதற்காக நம்மைப் பெத்தவரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வைப்பாயா?

இப்போது அப்பா விஷயம். போனில் நீ கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர் நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் சொல்வார். அதை நம்பாதே. இடது கண் முழுசாகப் போய்விட்டது. வலது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போவது நிச்சயம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் இவ்வளவு முற்றிப்போன கண்ணில் அப்படியே போய்விடுகிற ஆபத்தும் உண்டு, உறுதி சொல்ல மாட்டேன் என்றார். இதையெல்லாம் உனக்கு அப்போதே சொன்னேன். ம், ம் என்று கேட்டாய்.

வீட்டுச் சொந்தக்காரம்மா போன வாரம் மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டார்கள். காயவில்லை, இறங்காதீங்க என்று நான் சொல்லிவிட்டுத்தான் போனேன். பால் வாங்கி வருவதற்குள் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். கை, சட்டை, முகமெல்லாம் பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்க அவருக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீரை வீணாக்குகிறேன் என்று அதற்கும் வெளியிலிருந்து ஒரு சத்தம் போட்டார்.

ஆபரேஷனுக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை உனக்கு மறந்திருக்காது. சின்னவன் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் படுத்துக்கிறேன் என்றார். முதல் தேதி குறித்தோம், லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி, பிழைப்பு அப்படி என்று நானே உனக்குப் பரிந்து பேசினேன். இரண்டாவது தேதிதான் போன சனிக்கிழமை. ஷேவ் பண்ணிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் சொட்டு மருந்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் கதவைத் திறந்தாலும், வந்துட்டானா என்றார். நர்ஸ் வந்தாலும் அதே கேள்வி, துடைக்கிற அம்மா வந்தாலும் அதே கேள்வி. அப்போதுதான் நீ போன் பண்ணி, கடைசி நேரத்தில் ஆபீஸில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றாய். அப்பாவிடம் சொன்னேன். கட்டிலை விட்டு இறங்கி அங்கியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சத்தம் போட்டார், நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவன் வரட்டும் என்று கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் மாமா வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. என்ன என்று உலுக்கினேன். உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்பா அங்கியை அவிழ்த்த அதே காலை நேரத்தில் நீ இங்கே ஏர்போர்ட் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அந்தச் சோபாவிலிருந்துதான் எனக்குப் போன் பண்ணியிருக்கிறாய். ஏன்டா, தொண்டையில் இறங்கிற்றா? இந்த வருஷம் நாலு தடவை வந்து போயிருக்கிறாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டியிருந்தால் அவர் என்றைக்கோ ஆபரேஷன் பண்ணிக்கொண்டிருப்பார். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். அது போனது போனதுதானாம், திரும்பி வராதாம்.

இதோடு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மறுநாள் உன் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணினேன். அவளாவது உன்னிடம் எடுத்துச் சொல்லட்டும் என்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள், அப்பாவுக்கு நான் குடுத்தனுப்பின ஸ்வெட்டர் அளவா இருக்கா அண்ணி என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நீ கிளம்பியிருக்கிறாய். அவள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். அடப்பாவி, அதை எங்கே போட்டாய்? அந்த அறையில் விட்டாயா, விமானத்தில் மறந்தாயா? அளவா இருக்கும்மா, கழட்டவே மாட்டேங்கிறார் என்றேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. அந்தப் பெண்ணின் மனசு உடையக் கூடாது என்று. சந்தோஷமா இருக்கு அண்ணி என்றாள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரே நின்றிருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

கத்தினது போதும். இப்போது நிதானமாகப் படி.

மூன்றாவது தேதி வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை. அதாவது நீ இதைப் படிக்கிற நாளுக்கு மறுநாள். இந்தத் தடவை யாருக்காகவும் தள்ளிப்போட விடமாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவேன், அவர் என்னைத் திட்டினாலும் சரி. டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

நீ நாலு தடவை வந்து போனதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டார். சின்னவன் ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்கத்தான் வருகிறான், லீவு கிடைத்துவிட்டது, ஏர்போர்ட்டுக்கே போய்க் கூட்டி வரலாம் என்று மட்டும் சொன்னேன். நேற்றிலிருந்து மனுஷன் ஒரு நிலையில் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையையே மறுபடி இஸ்திரி போடச் சொல்கிறார். எந்தச் சட்டை என்று அவனுக்கு என்ன தெரியப் போகுது, அவன் என்னைப் பார்க்கவா வரான், நான்தானே அவனைப் பார்க்கணும் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்.

ஆகவே நீ இந்த வரியைப் படிக்கிற நேரம் நாங்கள் வெளியே நிற்கிறோம். பயணிகள் வெளியே வருகிற கதவுக்கு எதிரே, கம்பித் தடுப்பை ஒட்டி. நாளைய பயணத்தோடு உன் கணக்கு நிறைகிறதாம், திரும்பிப் போகிற விமானத்தை விட்டால் வருஷக் கடைசிக்குள் வேறு வழி கிடையாதாம், அட்டை போய்விடுமாம். உன் மாமா அதையும் சொன்னார். தெரிந்துதான் எழுதுகிறேன். போகட்டும் விடு.

நீ வராவிட்டால் விமானத்தை ரத்து பண்ணிவிட்டார்கள் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நம்பிவிடுவார். நீ என்ன சொன்னாலும் நம்புகிற மனுஷன், நான் சொன்னால் நம்ப மாட்டாரா? ஆனால் அதற்குப் பிறகு என்றைக்காவது நீ தங்க அட்டையோடு வந்து அவர் முன்னால் நின்று, அவர் கையால் தடவி, இது மூக்கு, இது மீசை என்று உன்னைத் தெரிந்துகொள்கிற நிலை வந்தால், அப்போது என்னிடம் வந்து அழாதே. எனக்கு உன்னைத் தேற்றத் தெம்பு இருக்காது.

வருகிறாய் என்றால் ஒன்று கவனித்துக்கொள். பக்கவாட்டில் வந்தால் அவருக்குத் தெரியாது. நேர் எதிரே இருப்பது மட்டும்தான், அதுவும் ஒரு தட்டு அகலத்துக்குத்தான் தெரிகிறது. அதனால் ஓரமாக வந்து தோளில் கை வைக்காதே. நேராக வந்து முகத்துக்கு முன்னால் நில். நீ அவரைவிட உயரம், கொஞ்சம் குனிந்துகொள். முதலில் நெற்றியைப் பார்ப்பார், அப்புறம் கண்ணைப் பார்ப்பார், துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். நேரம் ஆகும். பேசி அவசரப்படுத்தாதே. அவருக்குப் போதும் என்கிறவரைக்கும் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே பறந்தாலும் நீ நல்லா இருக்கணும். எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வெளியே வாடா.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உன் அக்கா